ஒரே வரியில் ஒரு தாய்மாமன்

சௌந்தரபாண்டி தன் அக்கா மகளின் கல்யாணத்திலிருந்து பத்தாயிரம் தடவை கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அதில் ஒரு தடவைகூட அவருக்குத் தெரிந்து நடக்கவில்லை.

ஒரு தடவை அவருக்குக் கொடுத்த காபி ஆறிப்போயிருந்தது. ஒரு தடவை சம்பந்தி வீட்டுத் தூரத்துச் சொந்தம் ஒருவருக்கு அவரை முந்திச் சந்தனத்தை நீட்டிவிட்டார்கள். இன்னொரு தடவை எல்லாமே ஒழுங்காக நடந்தது. ‘என்னமோ கவனிக்கிற மாதிரி நடிக்கிறாய்ங்க’ என்று அதற்கும் கோபித்துக்கொண்டார். இவ்வளவும் நடந்தது மதுரையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில், அந்த அக்கா மகள் மீனலோசனியின் கணினிக்குள். அசல் சௌந்தரபாண்டி அந்த நேரத்தில் மேலூரில் ஈஸிசேரில் சாய்ந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

லோசனி வேலை பார்த்த நிறுவனம் ‘பந்தல்’ என்ற ஒன்றை விற்றது. கல்யாணத்தை மனிதர்கள் முன்னின்று நடத்துவதெல்லாம் அப்போது மலையேறிவிட்டது. பத்திரிகை அனுப்புவது, யாரை எந்த அறையில் தங்கவைப்பது, யாருக்குச் சர்க்கரை போடாத பாயசம், யாரும் யாரும் எதிரெதிரே உட்காரவே கூடாது என்பது எல்லாவற்றையும் பந்தல் பார்த்துக்கொண்டது. சொந்தக்காரர்களோடு பேசுவதும் அதுதான். நிஜக் கல்யாணத்துக்கு முன்பே அதைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான தடவை நடத்திப் பார்த்து, எங்கே சண்டை வரும் என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். ‘சண்டையில்லாக் கல்யாணத்துக்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் வேறு. இவ்வளவு துணிச்சலான வாக்குறுதியைத் தேர்தலில்கூட யாரும் கொடுத்ததில்லை.

பந்தலின் புதுப் பதிப்பை யார் கல்யாணத்தில் முதலில் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது, “என் கல்யாணத்துலயே ஓட்டிக் காட்டுறேன்” என்று லோசனி வாயைக் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை இளம்பரிதிக்குக் கோயம்புத்தூர். பார்த்து முடிவு செய்த சம்பந்தம்தான். ஒத்திகைக்கு உறவுக்காரர்கள் தேவைப்பட்டார்கள். தாய்மாமனிலிருந்து ஆரம்பித்தாள்.

“மாமா மாதிரி ஒரு முழு ஆளையேவா அக்கா செய்யணும்?” என்று கேட்டான் பெனடிக்ட். அவன் அப்போதுதான் அவளுடைய குழுவில் சேர்ந்திருந்தான்.

“முழு ஆளு எதுக்கு? கல்யாணத்துக்கு மாமாகிட்ட என்ன வேணும்? எப்ப வர்றீங்க, எங்க தங்குறீங்க, எந்தப் பந்தியில சாப்பிடுறீங்க, மாலை போடுறீங்களா. அம்புட்டுத்தான். தியேட்டர் டிக்கெட் கவுண்டர் மாதிரின்னு வச்சுக்க. ஓட்டைக்குள்ள கைய விட்டா டிக்கெட் வருது. உள்ள ஆளு இருக்கா, மிஷின் இருக்கான்னு நமக்கென்ன? டெஸ்ட் பண்றப்ப அசல் மாமாவை எடுத்துட்டு அந்த ஓட்டைக்குப் பின்னால நாம எழுதுன பதிலியை உக்காரவைப்போம். பந்தலுக்கு வித்தியாசமே தெரியாது.”

“பதிலிக்குப் பழசெல்லாம் ஞாபகம் இருக்குமா?”

“இருக்கக் கூடாது. நம்ம முறையில அதான் சட்டம். பதிலி எதையும் மனசுல வச்சுக்காது. ஒரே கேள்விக்கு எப்பவும் ஒரே பதில்.”

“மனசுல வச்சுக்காத மாமாவா?” பெனடிக்ட் சிரித்தான். “அப்படி ஒருத்தரை எங்கக்கா போய்ப் பிடிக்கிறது?”

“அவரு மனசுல வச்சிருக்கிறதையெல்லாம் கேள்வியோடயே சேத்து உள்ள குடுத்துரணும். எங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துல காபி ஆறிப்போனது, தாத்தா காரியத்துல ரெண்டாம் பந்தியில உக்காரவச்சது, எல்லாத்தையும்.”

பழைய விசேஷ வீடியோக்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து, எண்ணூறு வரியில் மாமாவை எழுதினாள். பதிலி அபாரமாக அமைந்துவிட்டது. அதுதான் வினை. ஒத்திகையில் யாராவது கோபித்துக்கொண்டால் அந்த நொடியே ஆட்டம் நின்று சிவப்பு விளக்கு எரியும். அது தேறாத கல்யாணம். லோசனி இடத்தை மாற்றினாள், நேரத்தை மாற்றினாள், காபியை மாற்றினாள். பத்தாயிரம் கல்யாணமும் சிவப்பாகவே முடிந்தது. மற்ற பகுதிகளைச் சோதிக்கவே வழியில்லாமல் போனது. எரிச்சலில் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணூறு வரியையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு வரியை எழுதினாள். யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: ‘பரவாயில்ல, இருக்கட்டும்.’

விளக்குகள் எல்லாம் பச்சையாகின. அவளுக்கு அப்படியொரு நிம்மதி. திங்கட்கிழமை வந்து இதை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினாள். திங்கட்கிழமை புடவை எடுக்கப் போனார்கள். அப்புறம் அவளுக்கு அது ஞாபகமே இல்லை. மற்றவர்களும் பச்சை விளக்கைப் பார்த்துக் கைதட்டி, புதுப் பதிப்பை அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். பதிலி டெஸ்ட்டில் மட்டுமல்ல, அசல் கல்யாணத்திலும் மாமாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது. பந்தல் சௌந்தரபாண்டியிடம் கேட்பதாக நினைத்துக் கேட்டதெல்லாம் அந்த ஒரு வரியைத்தான்.

மூன்று மாதம் ஓடியது. ஒரு சண்டை இல்லை. மாப்பிள்ளையைப் பற்றியும் குறையில்லை. இளம்பரிதியும் லோசனியும் போனில் நிறையப் பேசினார்கள். பேசியதெல்லாம் பூனைக்குட்டிகளும் பிரியாணியும்தான். கல்யாணத்துக்குப் பிறகு யார் ஊரில் குடியிருப்பது என்பதை வாய்விட்டுக் கேட்க இரண்டு பேருக்குமே கூச்சம். லோசனி அதைப் பந்தல் மூலமாகக் கேட்டாள். ‘மதுரையிலேயே இருக்கலாமா?’ பதில் உடனே வந்தது: ‘உனக்குச் சரின்னா எனக்கும் சரி.’ முகூர்த்தச் சட்டை கிளிப்பச்சையில் எடுக்கலாமா என்பதற்கும் அதே தங்கமான பதில். வேலையை விட வேண்டாம், ஊரையும் விட வேண்டாம். லோசனி அந்தப் பதிலைப் பலமுறை எடுத்துப் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலை மணப்பெண் அறையில் தலையலங்காரம் முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு, அம்மா சுகந்தி மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“எந்தம்பி இன்னும் வரலடி. நேத்துப் பொண்ணழைப்புக்கே வந்திருக்கணும். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறான்.”

“வருவாரும்மா. பந்தல்ல எல்லாத்துக்கும் சம்மதம் சொல்லியிருக்காரே.”

“என்னன்னு சொன்னான்? காட்டு.”

லோசனி போனின் ஒளியைச் சுவரில் பாய்ச்சிக் காட்டினாள். நேரில் வந்து அழைக்க எந்த நாள் வசதி என்று பந்தல் கேட்டிருந்தது. ‘பரவாயில்ல, இருக்கட்டும்.’ அழைக்க வரவேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று பந்தல் அதை விட்டுவிட்டது.

“இதத்தான் அன்னைக்கே சொன்னியே. கிரகப்பிரவேசத்துல இருந்து பேசாதவன், என் முழங்கால் வலியை நெனச்சு வர வேணாங்கிறான்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. நானா போன் பண்ணி அதைக் கெடுத்துக்குவானேன்னு விட்டுட்டேன். மேல போ.”

அடுத்த கேள்வி: முதல் பந்தியில் இடம் இல்லாவிட்டால் இரண்டாம் பந்தியில் உட்காரலாமா? ‘பரவாயில்ல, இருக்கட்டும்.’

சுகந்தி சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். “இது எந்தம்பி இல்லடி! எங்கப்பாவைத் தூக்கிக் குடுத்த துக்கத்துலயே, ரெண்டாம் பந்தின்னதும் எலைய மடிச்சவன். அவனா இதுக்குச் சரின்னு சொல்லுவான்? எவன்டி இது?”

லோசனிக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் அவர்கள் வீட்டில் பெண் மணவறை ஏற முடியும். அதைவிட, அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். இன்று வராமல் போனால் அப்புறம் அம்மா சாகிறவரைக்கும் வரமாட்டார்.

“நீ போய்ச் சம்பந்திகளைப் பாரும்மா. நான் ஒரு வழி பண்றேன்” என்று அம்மாவை அனுப்பிவிட்டுப் பின்வாசல் கதவைத் திறக்கப் பார்த்தாள். அது திறக்கவில்லை.

“மணமகள் அலங்கார அறையில் இருக்க வேண்டிய நேரம் இது” என்றது பந்தல், ரொம்ப மரியாதையாக.

லோசனி ஒரு நிமிடம் யோசித்தாள். பந்தலுக்கு இந்த நேரத்தில் மணப்பெண்ணிடம் என்ன வேண்டும்? கதவைத் தட்டினால் உள்ளிருந்து ஒரு குரல். அவ்வளவுதானே? போனை எடுத்து, தன் குரலிலேயே இன்னொரு வரிப் பதிலி எழுதி அறைக்குள் உட்காரவைத்தாள். யார் தட்டினாலும் சொல்லும்: ‘ரெண்டு நிமிஷம், வந்துட்டேன்!’ பின்வாசல் உடனே திறந்துகொண்டது. பட்டுப்புடவையை அள்ளிப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற ஓட்டுநர் இல்லாத காரில் ஏறி மேலூருக்குப் போகச் சொன்னாள்.

வழியில் பெனடிக்டைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அந்த வரியை உடனே எடுக்கச் சொன்னாள். அவன் கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான்.

“எடுத்துட்டேன் அக்கா. ஆனா அதே மாதிரி வேற ஒரு எடத்துலயும் ஒண்ணு கிடக்கு. டெஸ்ட்ல பதில் வர லேட்டாகுதேன்னு நான்தான் அன்னைக்கு...”

“சரி, அதையும் எடுத்துரு. மாமா வீடு வந்துருச்சு, வச்சிர்றேன்.”

வாசலில் வளர்மதி அத்தை பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். “வந்துட்டியா தாயி! விடியறதுக்குள்ள குளிச்சு வேட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்தவருதான். கூப்பிடாத வீட்டுக்கு வரமாட்டேன்னு பச்சத்தண்ணி குடிக்கல. கெளம்பவும் மாட்டேங்குறாரு, வேட்டியக் கழட்டவும் மாட்டேங்குறாரு.”

கூடத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. ஈரத்துணிக்குள் மாலை இருந்தது. நடுவில் சௌந்தரபாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வளர்மதி, யாரோ வந்திருக்காங்க. என்னன்னு கேளு” என்றார்.

லோசனி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“எனக்குப் பதிலா ஒருத்தனா?” அவர் திரும்பினார். “எவன் அவன்?”

“ஆளு இல்ல மாமா. புரோகிராம்.”

“எம்புட்டுப் பெருசு?”

“ஒரு வரி.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சௌந்தரபாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஒரு வரி” என்றார். “உனக்குக் காது குத்துனப்ப என் மடியில உக்காந்து என் சட்டையக் கிழிச்சவ நீ. மூணு மாசமா போனையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். என்ன கோவமா இருந்தாலும் அக்கா கூப்பிடாம இருக்காதுன்னு. அங்கிட்டு ஒரு வரி என்னைய மாதிரி உக்காந்து பேசிக்கிட்டு இருந்திருக்கு. ஒருத்தருக்கும் தெரியல.”

“அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க மாமா. ரெண்டாம் பந்திக்கு நீங்க ஒத்துக்கிட்டதைப் பாத்து.”

“எப்ப?”

“இன்னைக்குக் காலையில.”

“நல்ல வேகம்” என்று மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லோசனி விடவில்லை. “முதல்ல உங்களை முழுசாத்தான் எழுதினேன். எண்ணூறு வரி. எப்படி வச்சாலும் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அதனாலதான் அதை ஓரமா வச்சேன்.”

“எந்திரிச்சுப் போயி என்ன செஞ்சாரு?” என்று கேட்டாள் அத்தை. சும்மா கதை கேட்கிற ஆசைதான்.

லோசனிக்குத் தெரியாது. கோபம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்களே. கோபத்துக்குப் பிறகு மாமா என்ன செய்வார் என்று அவள் வீடியோக்களைப் பார்த்து எழுதத்தான் எழுதியிருந்தாள். அந்தக் கடைசிப் பகுதி ஒரு தடவைகூட ஓடியதில்லை. அவர் கோபத்தைப் பழுது என்று நினைத்து, அதற்கு மேல் பார்க்காமலேயே இருந்திருக்கிறாள்.

போனிலிருந்து பழைய எண்ணூறு வரி மாமாவைத் தேடி எடுத்தாள். நிறுத்தும் விதியை நீக்கிவிட்டு ஓடவிட்டு, சுவரில் காட்டினாள். சுவரில் ஒரு மண்டபம் தெரிந்தது. ஆறிப்போன காபி வந்தது. சௌந்தரபாண்டியின் பதிலி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறியது. அசல் சௌந்தரபாண்டி ஓரக்கண்ணால் பார்த்தார்.

பதிலி மண்டப வாசலைத் தாண்டவில்லை. செருப்பு விடும் இடத்தில் நின்று செருப்பைத் தேட ஆரம்பித்தது. செருப்பு காலடியிலேயே கிடந்தது. அதைத் தாண்டி அந்தப் பக்கம் தேடியது, இந்தப் பக்கம் தேடியது, நடுநடுவே மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தது. லோசனி இன்னொரு ஒத்திகையைப் போட்டாள். அதிலும் செருப்பு. கடகடவென்று ஓட்டினாள். எல்லாவற்றிலும் மாமா செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். கூப்பிட வருவதற்கு யாரையும் அவள் எழுதாததால் முகூர்த்தம் முடிந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

“ஆத்தாடி, அப்படியே உரிச்சு வச்சிருக்கா!” என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். “எந்தங்கச்சி கல்யாணத்துலயும் இதே கதைதான். தேடுன செருப்பு இவரு கால்ல மாட்டியிருந்துச்சு.”

சௌந்தரபாண்டி சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். ஆனால் சுவரில் தனியாக நின்ற தன்னையே பார்த்தபோது அவர் கண் கலங்கியதை லோசனி பார்த்துவிட்டாள். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கூப்பிட வர்றதுக்கு நான் ஆள் எழுதல மாமா. அதான் நானே வந்துட்டேன். வாங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வளர்மதி, என் செருப்பு எங்கன கெடக்குன்னு பாரு” என்றார். அத்தை அதற்குள் சீர்த்தட்டுகளைக் காரில் ஏற்ற ஆரம்பித்திருந்தாள்.

மண்டபம் வந்ததும் லோசனி பின்வாசல் வழியாக அறைக்குள் போய் முன்கதவால் வெளியே வந்தாள். அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டபோது, “கூப்பிடலேன்னா வரமாட்டியோ பெரிய மனுசன்?” என்று சுகந்தி அழுதுகொண்டே திட்டினாள். “ரெண்டாம் பந்தியாமே எனக்கு?” என்று அவரும் திட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் அப்பாடா என்று இருந்தது. பந்தல் மட்டும் பதறி, மண்டபம் முழுக்கச் சிவப்பு விளக்கை எரியவிட்டது.

“நீ என்னடி, இம்புட்டு நேரமா உள்ள என்ன பண்ணுன?” சுகந்தி மகள் பக்கம் திரும்பினாள். “நாலு தடவ தட்டிட்டேன். ‘ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்’னு எப்பவும் போல அதையே சொல்ற.”

லோசனிக்குச் சுருக்கென்றது. தம்பியின் பதிலியை ஒரே கேள்வியில் பிடித்த அம்மா, மகளின் பதிலியோடு நாலு தடவை பேசிவிட்டு நிம்மதியாகப் போயிருக்கிறாள்.

மாமா மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தார். தாலி ஏறியது. கெட்டிமேளம் ஓய்ந்ததும் இளம்பரிதி மெல்லக் குனிந்து பேசினான்.

“ஏனுங்க, இந்தக் கிளிப்பச்சைச் சட்டைய யாருங்க எடுத்தது?”

“நீங்கதான சரின்னு சொன்னீங்க?”

“என்ற கிட்ட யாரு கேட்டாங்க? கல்யாணம் நடக்குதே, ஒரு வார்த்தை நம்மளக் கேக்குறதில்லையான்னு மூணு மாசமா ரோசனை பண்ணிட்டு இருந்தனுங்க. சரி, பொண்ணு வீட்டு வழக்கம் போலன்னு விட்டுட்டேன்.” அவன் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. உடனே உற்சாகமானான். “அது போச்சாதுங்க, விடுங்க. கோயமுத்தூர்ல வீடு பாத்துட்டேன். உங்களுக்கும் அங்கயே வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த வாரமே போயிரலாங்க.”

காரில் பெனடிக்ட் பாதியில் விட்ட பேச்சு லோசனிக்கு இப்போது முழுதாகப் புரிந்தது. மதுரையிலேயே இருக்கலாம் என்று சொன்ன தங்கமான மாப்பிள்ளையும் ஒரு வரிதான்.

“மதுரையில இருக்கலாம்னு சொல்லிட்டு இப்ப இப்படிச் சொல்றீங்க!” என்று அவள் குரல் உயர்ந்தது.

“நான் எங்கிங்க சொன்னேன்?” என்று அவன் குரலும் உயர்ந்தது.

மணப்பெண் விறுவிறுவென்று மணவறையைவிட்டு இறங்கினாள். வாசல்வரைக்கும் போனவள் செருப்பு விடும் இடத்தில் நின்று தன் செருப்பைத் தேடினாள். அது காலடியிலேயே கிடந்தது. அந்தப் பக்கம் தேடினாள். ஓரக்கண்ணால் உள்ளே பார்த்தாள். யாரோ வரும் சத்தம் கேட்டது. இளம்பரிதிதான். அவனுக்கும் முகம் சிவந்திருந்தது. அவளிடம் ஒன்றும் பேசாமல் மறுகோடிக்குப் போய்க் குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

இருவரும் ரொம்ப நேரம் தேடினார்கள். கடைசியில் உள்ளிருந்து சௌந்தரபாண்டி வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒருவரைக் கூப்பிட வந்ததே இல்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

“ஏத்தா, எந்த ஊருன்னு சாப்பிட்டுப்புட்டு உக்காந்து பேசுவோம். மாப்ள, நீங்களும் வாங்க. மொதப் பந்தியில எடம் இல்லையாம்.” ஒரு மூச்சு விட்டார். “பரவாயில்ல, இருக்கட்டும். ரெண்டாம் பந்தியில உக்காருவோம்.”

லோசனி நிமிர்ந்து பார்த்தாள். அவள் எழுதிய அதே வரியை அதே சொற்களில் மாமாவே சொல்லிக்கொண்டு நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே நடந்தாள். பின்னால் இளம்பரிதியும் வருகிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். வந்துகொண்டிருந்தான்.